பதினொரு கல்

கொக்கியில் ஒன்றரை டன் கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவளுக்கு அந்த வலி வந்தது. தொப்புளுக்கு மேலே சுருக்கென்று தொடங்கியது. அங்கேயே நிற்காமல் நேராக முதுகுவரை துளை போட்டுக்கொண்டு போனது. மூன்று வருடங்களுக்கு முன் கால் எலும்பு முறிந்தபோது மாவுக்கட்டு போட்டவரிடம் ஜோக் அடித்தவள் அவள். இது வேறு மாதிரி என்று உடனே தெரிந்துவிட்டது.

தரையிலிருந்து நாற்பத்தாறு மீட்டர் உயரத்தில் கிரேன் கேபினில் அவள் தனியாக இருந்தாள். ஏழு வருடமாக அதுதான் அவள் இடம். சைட்டில் எல்லோரும் அவளைக் கிரேன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த கொத்தனார்களும் அப்படித்தான்.

வாக்கி டாக்கி கரகரத்தது. கீழே நின்று வழிசொல்லும் கொடிக்காரர். கொடி போய் வாக்கி டாக்கி வந்து காலம் ஆகியும் பெயர் மட்டும் அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, என்ன அந்தரத்துலயே நிறுத்திட்ட? ஏழாவது மாடிக்கு வா.”

“ஏழாவது மாடி வேணாம்ணே. தரையிலயே இறக்கிடறேன். ஆளுங்களத் தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

“ஏன், என்னாச்சு?”

“அப்புறம் சொல்றேன். முதல்ல இத இறக்கணும்.”

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. முன்பக்கம் குனிந்தால் வலி ஒரு நூல் குறைந்தது. குனிந்தால் கீழே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள், குனிந்தாள், மறுபடி நிமிர்ந்தாள். கம்பிக்கட்டு ஆடாமல் அசையாமல் மணல்மேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கழற்றியாகிவிட்டது என்று கொடிக்காரர் சொன்னதும் கொக்கியை மேலே ஏற்றினாள். கிரேனின் நீண்ட கை காற்று போகும் பக்கம் தானாகத் திரும்புவதற்காக அதன் பிரேக்கை விடுவித்தாள். அதை இறுக்கியபடி விட்டுப் போனால் பெருங்காற்றில் கிரேனே சாயும். ஆள் செத்துக்கொண்டிருந்தாலும் அதைச் செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று அவளே புதியவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள்.

“அண்ணே, எனக்கு உடம்பு சரியில்ல. இறங்கறேன்.”

“இரு இரு, தீயணைப்புக்குப் போன் பண்றேன். அவங்க வந்து இறக்குவாங்க.”

“அவங்க வர்றதுக்குள்ள நானே வந்துருவேன்.”

கிரேன் தூணுக்குள் எட்டுத் தட்டுகள். தட்டுக்குத் தட்டு இருபது படி வைத்த இரும்பு ஏணி. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவாள். அன்று முதல் தட்டுக்கு வருவதற்கே பத்து நிமிடம் ஆனது. பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை ஏணியில் மாட்டினாள், நாலு படி இறங்கினாள், ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான்காவது தட்டில் வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் பச்சை நிறத்தில் பித்தநீர்தான் வந்தது. தலையைத் தூக்கியபோது தட்டின் ஓட்டை வழியாக ஒரு மஞ்சள் தொப்பி தெரிந்தது. முட்டி வலிக்காரரான கொடிக்காரர், ஐம்பத்தைந்து வயதில், மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்திருந்தார்.

“நீங்க ஏண்ணே வந்தீங்க? முட்டிய வச்சுக்கிட்டு.”

“என் முட்டிய நான் பாத்துக்கறேன். நான் உனக்குக் கீழயே இறங்கறேன். என் தோள்ல கால வச்சுக்க. பயப்படாத.”

“எனக்கென்ன பயம்? உங்க தோளுக்குத்தான் பயம்.”

தரைக்கு வரும்வரை அதுதான் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை. கீழே கால் வைத்தபோது சைட்டில் ஒரு மிஷின்கூட ஓடவில்லை. கலவை இயந்திரத்தைக்கூட யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

பொது மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், வலிக்கு ஊசி போட்டார்கள். மதியத்துக்கு மேல் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அவளுக்குப் படுக்க முடியவில்லை. தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவள் கணவர் ஓடிவந்தார். வீட்டு முன்னறையில் பழைய சோபாக்களுக்குப் புதுத் துணி தைத்துக் கொடுப்பவர். சட்டைக் காலரில் பெரிய ஊசியும் நூலும் குத்தியபடியே வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு.

டாக்டரம்மா கட்டிலருகே வந்து கேட்டார்.

“இது கணைய அழற்சி. கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். தண்ணிப் பழக்கம் உண்டா?”

“பச்சத் தண்ணிகூடக் கெடையாது டாக்டர். குடிச்சா கீழ இறங்கணுமே.”

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. கணவர்தான் விளக்கினார். கிரேனுக்கு மேலே கழிப்பறை கிடையாது. இறங்கி ஏற அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் கீழே அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் காலையில் ஒன்றும் தின்னாமல் குடிக்காமல் ஏறி, மதியம் இரண்டரைக்கு இறங்கித்தான் சாப்பிடுவாள்.

“ரெண்டரைக்கு என்ன சாப்பிடுவாங்க?”

“நான்தான் செஞ்சு குடுத்தனுப்புவேன் டாக்டர்,” என்று அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். “மீன் பொரிச்சது, கோழி பொரிச்சது. காலையிலேருந்து பட்டினியா இருக்கான்னு கொஞ்சம் தாராளமாவே வைப்பேன்.”

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். “பித்தப்பையில கல்லு இருக்கு. அதுல ஒண்ணு உருண்டு வந்து வாசல அடைச்சிருக்கு. பித்தநீரும் கணையநீரும் குடலுக்குப் போறது ஒரே வாசல் வழியா. அது அடைபட்டதும் கணையம் வீங்கி, தன்னோட நீராலயே தன்னைச் செரிக்க ஆரம்பிச்சிருக்கு.”

“அப்ப நானே என்னைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேனா?”

“கிட்டத்தட்ட. கல்லு வர்றதுக்குப் பல காரணம் உண்டு. ரொம்ப நேரம் பட்டினி கெடந்து, ஒரே வேளையா எண்ணெயில பொரிச்சதச் சாப்பிடறதும் சேர்ந்திருக்கலாம்.”

 அவள் கணவர் காலரில் இருந்த ஊசியை எடுத்து, கைக்குட்டையில் குத்தி, மறுபடி எடுத்து, மறுபடி குத்திக்கொண்டிருந்தார்.

முதல் நான்கு நாட்கள் வாய்வழியே ஒன்றும் இல்லை. கையில் ஏறிய பாட்டில்தான் சாப்பாடு. பஞ்சை நனைத்து உதட்டில் வைக்க மட்டும் நர்ஸ் அனுமதித்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு வந்தவர்கள் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் அவளுக்குக் காதுக்குள்ளேயே கேட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது, மூச்சு முட்டியது. மூக்கில் குழாய் வைத்தார்கள். கணையத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார்கள். அன்று டாக்டரம்மா வழக்கத்தைவிட அதிக நேரம் கட்டிலருகே நின்றார். அப்படி நின்றதிலிருந்தே அவளுக்கு விஷயம் புரிந்தது.

“ஏங்க,” என்று கணவரைக் கூப்பிட்டாள். “நான் ஒண்ணும் போயிட மாட்டேன். நீங்க மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க. பாக்கறவங்க என்னைத்தான் திரும்பிப் பாக்கறாங்க.”

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் நான்கு கரண்டி கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். ஒவ்வொரு கரண்டியையும் நாக்கில் நிறுத்தி, விழுங்கி, முதுகுக்குப் போகிறதா என்று காத்திருந்தாள். போகவில்லை. அதற்குப் பிறகு குணம் தெரிந்தது. பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நீர் வற்றட்டும், ஆறு வாரம் கழித்து வந்து பித்தப்பையை எடுத்துவிட வேண்டும், அதுவரை எண்ணெய், நெய், வெண்ணெய் ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எடை பார்த்தபோது ஒன்பது கிலோ குறைந்திருந்தது. வீட்டு வாசலில் நாலு படி. அதில் ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றாள்.

வீட்டில் கணவரின் ஆட்சி. எண்ணெய்ச் சட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டிருந்தார். சமையலுக்கு எண்ணெயைத் தேக்கரண்டியில் அளந்தார். சோபா தைக்கும் நடுவில் எழுந்து எழுந்து போய்க் காய் வேகவைத்தார், ரொட்டி சுட்டார், ஆப்பிளைத் தோல் சீவிச் சின்னச் சின்னதாக நறுக்கினார். அவளுக்குத் துணையாகத் தானும் வேகவைத்ததையே தின்பேன் என்று அறிவித்திருந்தார்.

“இன்னிக்குக் கடையில என்ன பொரிச்சாங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“எந்தக் கடையில? நான் எங்க போனேன்?”

“மீசைய மோந்து பாக்கவா?”

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் சின்னது.”

“சாப்பிடுங்க. கல்லு எனக்குத்தானே இருக்கு. ஆனா என் முன்னாடியே சாப்பிடுங்க. வாசனையாவது கெடைக்கும்.”

பகலில் இப்படிச் சிரித்துவிடுவாள். ஆனால் வயிற்றில் கொஞ்சம் வாயு பிடித்தாலும் பேச்சை நிறுத்திவிட்டு, கட்டிலோரத்தில் குனிந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். முதுகுக்குப் போகாவிட்டால் இது அது இல்லை. போகவில்லை என்று தெரிந்ததும், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். கணவர் அந்த நேரம் முழுக்கத் தையல் மிஷினை ஓட்டாமல் காலைப் பெடலில் வைத்தபடியே இருப்பார். 

மூன்றாவது வாரம் கொடிக்காரர் வந்தார். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அண்ணே, சொல்ல வந்தத சொல்லிடுங்க. தொப்பி தேயுது.”

“ஒண்ணுமில்ல தங்கச்சி. சைட்டுல ஒரு பேச்சு. நீ குடிப்பேன்னு. குடிச்சுத்தான் கணையம் கெட்டுப்போச்சாம். மேல தனியா இருக்கறதால யாருக்கும் தெரியலயாம். பாதுகாப்பு அதிகாரி காது வரைக்கும் போயிருச்சு. உன் இடத்துக்கு நெட்டையா ஒருத்தனப் போட்டிருக்காங்க. அவனையே வச்சுக்கலாம்னு பேசிக்கறாங்க.”

முன்னறையில் கத்தரிக்கோல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

“யாருண்ணே கிளப்பினது?”

கொடிக்காரர் முன்னறைப் பக்கம் பார்த்தார். அவள் கணவர் கதவருகே வந்து நின்றார்.

“நான்தான். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில உங்க சைட் ஆளுங்க ரெண்டு பேரு விசாரிச்சாங்க. டாக்டர் இப்படிக் கேட்டாங்க, தண்ணிப் பழக்கம் உண்டான்னு, இவ இப்படிச் சொன்னான்னு சிரிப்பாத்தான் சொன்னேன். அவ சொன்ன பதிலையும் சொன்னேனே!”

“பதில் டீக்கடையிலயே தங்கிருச்சு,” என்றார் கொடிக்காரர். “கேள்வி மட்டும் சைட்டுக்கு வந்துருச்சு.”

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு அப்போது தெம்பும் இல்லை.

“ஏழு வருஷமா ஒரு ஆணிகூட யார் தலையிலயும் விழவிட்டதில்ல. உங்க வாயிலேருந்து விழுந்துருச்சே.”

“நான் போய்ச் சொல்றேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்—”

“வேணாம். நீங்க ஒரு தடவ சொன்னதே போதும். நானே போறேன்.”

மறுநாள் காலை வாடகை வண்டியில் போய் இறங்கினாள். முன்பு அளவாக இருந்த சட்டை இப்போது கோணி மாதிரித் தொங்கியது. அலுவலகம் ஒரு தகரப் பெட்டி அறை. பாதுகாப்பு அதிகாரி நல்ல மனுஷர்தான். யாருடைய முகத்தையும் பார்த்துக் கெட்ட செய்தி சொல்ல வராதவர்.

“எழுத்துல எதுவும் இல்லம்மா. ஆனா பாருங்க, கணையம்னாலே குடிதான்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும்னா யாரு? அவரு எந்த ஆஸ்பத்திரி டாக்டர் சார்?”

அவர் சிரித்துவிட்டார். உடனே அடக்கிக்கொண்டார். அவள் மருத்துவமனைத் தாளை நீட்டினாள். அதில் கல் என்று போட்டிருந்தது. அவர் இரண்டு முறை படித்தார்.

“சரிதான். ஆனா கல்லோட குடியும் இருக்கலாம்னு சொல்றவன் சொல்லுவானே. கிரேன் விஷயம். ஆபரேஷன் முடியட்டும். முழு உடல் தகுதிச் சான்றிதழோட வாங்க. பாப்போம்.”

அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். நெட்டையன் பலகைக் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். திருப்பத்தில் கொஞ்சம் ஆட்டம் கொடுத்தது. ஆனால் பதறாமல் அடக்கிவிட்டான். கெட்டிக்காரன்தான். அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஐந்தாவது வாரத்தில் உடம்பு தேறியது. தெரு முனை வரை நடந்து வந்தாள். பசித்துச் சாப்பிட்டாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆபரேஷன் செய்தால் மேலும் ஒன்றரை மாதம் போகும். செய்யாமல் விட்டால் பத்து நாளில் ஏணி ஏறிவிடலாம். அதற்குள் நெட்டையனுக்கு அந்த நாற்காலி பழகியும் போயிருக்காது. கணவரிடம் சொன்னாள். தப்பு செய்த மனிதர் ஆதலால் எதற்கும் தலையாட்டும் நிலையில் இருந்தார். இதற்கும் பாதி ஆட்டினார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை அந்த நேரம் பார்த்து மாத்திரையோடு உள்ளே வந்தாள்.

“அண்ணா, தலைய ஆட்டாத. அண்ணி, இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க.”

“வலியே இல்லயேன்னு சொன்னேன். ஒரு கல்லு வந்தது, போயிருச்சு. இல்லாத வலிக்கு எதுக்குக் கத்தி?”

“உங்க கிரேன்ல இரும்புக் கயிறு இருக்குல்ல? அதுல நாலஞ்சு இழை அறுந்திருக்குன்னு பாத்துட்டீங்க. ஆனா கயிறு இன்னும் அறுந்து விழல. லோடு தூக்குவீங்களா?”

“அதெப்படித் தூக்குவேன்? கீழ ஆளு இருக்குமே.”

“என்ன செய்வீங்க?”

“வேலைய நிறுத்திட்டுக் கயிற மாத்தணும்.”

“அப்பறம் என்ன? உங்க பையில இன்னும் கல்லு கெடக்கு. அது அடுத்து எப்ப உருளும்னு உங்களுக்குத் தெரியாது. மேல இருக்கும்போது உருண்டுச்சுன்னா, கொக்கியில லோடு இருக்கும், கீழ ஆளு இருக்கும். போன தடவ உங்க கை நிதானமா இருந்துச்சு. அடுத்த தடவயும் இருக்கும்னு யாரு எழுதிக் குடுத்தா?”

அவள் நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தெட்டு வயது. கல்யாணத்தின்போது பள்ளிக்கூடச் சீருடையில் வந்து நின்ற பெண்.

“மாத்திரைய வச்சுட்டுப் போ,” என்றாள். பிறகு, “நாள் குறிச்சுட்டு வரச் சொல்லு உங்கண்ணன,” என்றாள்.

வயிற்றில் நான்கு சின்னத் துளைகள்தான் போட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தாள். உள்ளே பதினொரு கல். எல்லாம் மிளகைவிடச் சின்னது, பச்சையும் பழுப்பும் கலந்த நிறம்.

“இவ்வளவூண்டா? இதுக்கா நான் அப்படி ஆடிப்போனேன்?” என்றாள் டாக்டரம்மாவிடம்.

“பெருசா இருந்தா உள்ளயே கெடந்திருக்கும். சின்னதுதான் உருண்டு வாசலுக்கு வரும்.”

கணவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதைத் தூக்கி எறியச் சொன்னார். அவள் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஒரு மாதம் கனம் தூக்காமல் இருந்தாள். டாக்டரம்மா சரி சொன்னதும் முன்னறையில் கணவரோடு வேலைக்கு உட்கார்ந்தாள். சோபாவின் மரச்சட்டத்தில் பட்டை நாடாவை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அவர் ஆணி அடிப்பார். முதல் நாள் அவளால் இரண்டு நாடாகூட இழுக்க முடியவில்லை. தோள் நடுங்கியது. இரண்டாவது வாரம் ஒரு முழு சோபாவுக்கும் இழுத்தாள்.

“போதும், சட்டம் வளையுது,” என்றார் அவர்.

“வளையட்டும். என்னைத் திட்டுங்களேன் ஒரு தடவ. மூணு மாசமா நல்லவராவே இருந்து என் உயிர வாங்கறீங்க.”

அவர் குனிந்து நாடாவைப் பார்த்தார். “நாடாவக் கோணலா இழுக்கற. கண்ணு எங்க இருக்கு?” என்றார். அவள் சிரித்தாள். அன்று மாலை பரணிலிருந்து எண்ணெய்ச் சட்டி கீழே இறங்கியது. அவருக்கு மட்டும் இரண்டு மீன் பொரித்தார். அவள் தட்டில் ஒரு சின்னத் துண்டு வைத்தார். டாக்டரம்மா அனுமதித்த அளவு அது. பத்து நிமிடம் மென்றாள்.

சான்றிதழோடு அவள் தகர அறைக்குள் நுழைந்தபோது பாதுகாப்பு அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். சான்றிதழை வைத்தாள், பக்கத்தில் குப்பியையும் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“நான் குடிச்சது சார்.”

அவர் குப்பியைக் கையில் எடுத்து, உள்ளே இருப்பது என்னவென்று புரிந்ததும் மெதுவாக வைத்தார். டீயையும் தள்ளிவைத்தார்.

“காலையில எல்லாரும் கூடற கூட்டத்துல இத நீங்க சொல்லணும். கல்லு, குடி இல்லன்னு. என்னப் பத்தி எல்லார் முன்னாடியும் பேசினாங்க. அதனால எல்லார் முன்னாடியும் சொல்லணும்.”

“சொல்றேம்மா. கண்டிப்பாச் சொல்றேன்.”

“இன்னொண்ணு. பத்தரைக்கு ஒரு தடவ, ஒரு மணிக்கு ஒரு தடவ, நான் இறங்கிச் சாப்பிடணும். அந்த நேரம் மேல இன்னொரு ஆள் வேணும்.”

“அது வழக்கமில்லயேம்மா. ஒரு கிரேனுக்கு ஒரு ஆள்தான்.”

“அந்த வழக்கந்தான் சார் இந்தக் குப்பியில கெடக்கு.”

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நெட்டையன். கையெழுத்துப் போட வந்தவன் அங்கேயே நின்றிருந்தான். அவளைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துச் சொன்னான்.

“சார், நானும் காலையில ஏறினா மதியம் வரைக்கும் ஒண்ணுக்குப் போகக்கூட இறங்கறதில்ல. போன வாரம் ஒரு நாள் தல சுத்திருச்சு. சொன்னா அனுப்பிடுவீங்கன்னு சொல்லல. அக்கா கேக்கறது எனக்கும் சேத்துத்தான்.”

அதிகாரி குப்பியைப் பார்த்தார், நெட்டையனைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மேலிடத்துக்குப் பேச வெளியே போனார். இருபது நிமிடம் பேசினார். அவளும் நெட்டையனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“திருப்பத்துல ஆட்டம் வருது உனக்கு,” என்றாள்.

“ஆமாங்கா. எப்படி நிறுத்தறதுன்னு தெரியல.”

“நிறுத்தப் பாக்காத. அது போற பக்கமே கொஞ்சம் விட்டுப் பிடி. மேல வந்து காட்டறேன்.”

அதிகாரி திரும்பி வந்து, இந்தக் கட்டடம் முடியும்வரை இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அவர் சொன்னார். மொத்தம் நாலு வாக்கியம்.  கம்பி கட்டுபவர்களில் இரண்டு பேர் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீக்கடையில் விசாரித்தவர்கள் அவர்கள்தான் என்று அவள் தெரிந்துகொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியருகே போனாள்.

எட்டுத் தட்டிலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினாள். ஐந்தாவது தட்டில் கால் நடுங்கியது; நடுங்கி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். கேபின் கதவைத் திறந்தபோது நாற்காலி நெட்டையனின் உயரத்துக்கு இருந்தது. அதைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். முதல் லோடு செங்கல் தட்டு. ஒன்பதாவது மாடியில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

பத்து மணிக்கு நெட்டையன் மேலே வந்தான். திருப்பத்தை இரண்டு முறை செய்து காட்டிவிட்டு இறங்கினாள். பத்தரைக்குக் கீழே பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து, கணவர் கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறந்தாள். ரொட்டி, வேகவைத்த காய், ஒரு துண்டு மீன். சுற்றி வேலை நடந்துகொண்டிருந்தது. கொடிக்காரர் வேகமாக நடந்து வந்தார்.

“தங்கச்சி, கான்கிரீட் வண்டி வந்து நிக்குது. டிரைவர் கத்தறான். சட்டுனு ஏறிடேன்.”

“மேல ஆள் இருக்காருல்லண்ணே.”

“இருந்தாலும் உன் கை மாதிரி வருமா?”

“வரும். நீங்க வழி சொல்லுங்க, அவரு செய்வாரு.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு அண்ணாந்து பார்த்து வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். கிரேனின் கை மெதுவாக வண்டியின் பக்கம் திரும்பியது. அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்றாள்.